மண்மேட்டின் அடிவாரம்: நெய்வேலிச் சுரங்க ஓரத்தில் எடுக்கப்படாமல் விட்ட ஓர் ஊர்

கடலூர் மாவட்டத்தில் மலை என்று சொல்ல அதிகம் கிடையாது. கடலூர் நகரை ஒட்டிக் கேப்பர் மலை, திருவந்திபுரத்தில் ஔஷதகிரி, அங்கிருந்து மேற்கே பண்ருட்டி, விருத்தாசலம் வரை மெல்ல ஏறி இறங்கும் செம்மண் மேட்டுநிலம். இயற்கை கொடுத்த உயரம் அவ்வளவுதான். ஆனால் நெய்வேலிச் சுரங்கத்தை ஒட்டிய மந்தாரக்குப்பம், கம்மாபுரம் பக்கம் போனால் நீளமாக, மட்டமான உச்சியோடு, சரிவில் தைலமரமும் வேலிக்காத்தானும் முளைத்த ஒரு மேடு கண்ணில் படும். பழுப்பு நிலக்கரியை எடுப்பதற்காக அதன் மேலிருந்து வெட்டிய மண்ணைக் கொட்டிக் கொட்டி உண்டானது. சுற்றுவட்டாரப் பிள்ளைகள் அதை மலை என்றே சொல்லி வளர்கிறார்கள்.

அந்த மேட்டின் அடிவாரத்தில் உள்ள ஒரு சின்ன ஊரைப் பற்றியது இந்த ஆய்வு. நூறு சொச்சம் வீடுகள், ஒரு மாரியம்மன் கோயில், ஒரு தொடக்கப்பள்ளி, பாதி தூர்ந்த குட்டை. ஊரின் பெயரையும் ஆட்களின் பெயரையும் எழுதவில்லை. அவர்கள் கேட்டுக்கொண்டது அது. நிலப் பேச்சு இன்னும் முடியாத வட்டாரத்தில் அது நியாயமான கோரிக்கைதான்.

நெய்வேலியைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் கையகப்படுத்தப்பட்ட ஊர்களைப் பற்றியே எழுதுகிறார்கள். வீடும் கொல்லையும் குலதெய்வக் கோயிலும் குழிக்குள் போனவர்களின் துயரம் பெரியது, அதை எவ்வளவு எழுதினாலும் போதாது. நான் பார்க்கும் ஊர் அப்படி எடுக்கப்பட்டதல்ல. கையகப்படுத்தும் எல்லைக்கோடு அதன் ஓரத்தில் வந்து நின்றுவிட்டது. நிலம் போகவில்லை, அதனால் இழப்பீடு இல்லை, வேலை இல்லை, மாற்று மனை இல்லை. ஆனால் கிணறு இறங்கியது, மழைக்கு மேட்டின் மண் கொல்லைக்கு வந்தது, வீடு கட்டலாமா வேண்டாமா என்ற கேள்வி ஒரு தலைமுறையாகத் தொங்குகிறது. சுரங்கம் ஊரை எடுத்ததா இல்லையா என்று மட்டுமே நம் சட்டமும் திட்டமும் கேட்கின்றன. விளிம்பில் வாழ்வதும் ஒரு பாதிப்பு என்பதை ஏற்க அவற்றில் இடம் மிகக் குறைவு. இந்த ஊரிலிருந்து எனக்குக் கிடைத்த முடிவு இதுதான். எப்படி இந்த முடிவுக்கு வந்தேன் என்பதைக் கீழே விரித்துச் சொல்கிறேன்.

கிணற்றில் கிடைத்த கரி

1930களின் நடுவில், நெய்வேலியில் நிலம் வைத்திருந்த ஜம்புலிங்க முதலியார் தன் நிலத்தில் தண்ணீருக்காகக் கிணறு இறக்கினார். தண்ணீரோடு கரிய பொருள் ஒன்றும் மேலே வந்தது. அவர் அதை ஒதுக்கித் தள்ளாமல் அரசாங்கத்தின் கவனத்துக்குக் கொண்டுபோனார். அதற்கும் முன்பே, 19ஆம் நூற்றாண்டின் கடைசியில், பிரெஞ்சு ஆட்சியிலிருந்த பாகூரில் ஆழக் கிணறு இறக்கியபோதும் இதே பழுப்புக் கரி தட்டுப்பட்டதுண்டு. ஆக, இந்தக் கரியைத் தேடி யாரும் வரவில்லை. தண்ணீரைத் தேடியவர்கள் கையில் அது அகப்பட்டது.

1940களில் துளையிட்டுப் பார்த்தார்கள். 1956 நவம்பரில் நெய்வேலி பழுப்பு நிலக்கரிக் கழகம் நிறுவப்பட்டது. 1957 மே 20 அன்று பிரதமர் நேரு சுரங்க வேலையைத் தொடங்கி வைத்தார், அப்போது முதலமைச்சர் காமராஜர். 1961 ஆகஸ்டில் முதல் கரி வெளியே வந்தது. அடுத்த ஆண்டு, சோவியத் ஒத்துழைப்பில் கட்டிய முதல் அனல்மின் நிலையத்தில் மின்சாரம் பிறந்தது. 2016இல் நிறுவனத்தின் பெயர் என்எல்சி இந்தியா என்று மாறியது. ஊர்க்காரர்கள் வாயில் அது எப்போதுமே என்எல்சிதான்.

நான் பார்த்த ஊரின் பெரியவர்களுக்கு அந்தத் தொடக்க காலம் நல்ல நினைவாகவே இருக்கிறது. பக்கத்து ஊர்களில் நிலம் கொடுத்தவர்கள் பலருக்கு நிரந்தர வேலை கிடைத்தது. நிறுவனத்தின் டவுன்ஷிப்பில் ‘வட்டம்’ என்று பகுதி பகுதியாகப் பிரித்த குடியிருப்பு, பள்ளிக்கூடம், மருத்துவமனை, தெருவெல்லாம் மரம். தென்னாற்காட்டின் மேட்டுக் கொல்லையில் கம்பும் மல்லாட்டையும் (நிலக்கடலை) விதைத்துக்கொண்டிருந்தவர்களின் பிள்ளைகள் ஷிப்டுக்குப் போய்ச் சம்பளம் வாங்கினார்கள். அந்தப் பலனைச் சொல்லாமல் இந்தக் கதையைச் சொல்வது பொய்யாகிவிடும்.

தரைக்கு அடியில்

விளிம்பு ஊரின் பிரச்சினையைப் புரிந்துகொள்ள நிலத்தின் அடுக்குகளைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். இந்தப் பகுதியில் இதைப் பேசாமல் எதையும் பேச முடியாது.

மேலே செம்மண், சரளை, மணற்கல், களிமண் என்று மாறி மாறி வரும் படிவு. நிலவியலாளர்கள் இதற்குக் கடலூர் மணற்கல் என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். இடத்துக்கு இடம் 50 மீட்டரிலிருந்து 100 மீட்டர் வரை இதன் கனம் போகும். அதற்குக் கீழே கரி. கரிக்குக் கீழே, களிமண்ணால் மூடப்பட்ட மணல் அடுக்கில், அழுத்தத்தோடு அடைபட்ட தண்ணீர். மேற்கே விருத்தாசலம், வடக்கே பண்ருட்டிப் பக்கத்து மேட்டுநிலத்தில் விழும் மழை இந்த மணற்கல் வழியாக இறங்கி, சரிவோடு சரிவாகத் தென்கிழக்கே நகர்ந்து வந்து சேர்ந்த தண்ணீர் அது. அது மேல்நோக்கித் தள்ளும் அழுத்தம் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 6 முதல் 8 கிலோ வரை. அறுபது, எண்பது மீட்டர் உயரத் தண்ணீர்த் தொட்டியின் அடியில் இருக்கும் அழுத்தம் அது. கொதிக்கும் உலையை மூடிய தட்டு மாதிரி மேலிருக்கும் மண்ணின் பாரம்தான் அதை அடக்கி வைத்திருக்கிறது. அந்த மண்ணை வெட்டி அப்புறப்படுத்தினால் அடித்தண்ணீர் சுரங்கத்தின் தரையைப் பிளந்துகொண்டு மேலே வரும்.

அதனால் கரியை வெட்டும் முன்பே, வெட்டும் இடத்தைச் சுற்றி ஆழ்குழாய்கள் போட்டு, இரவு பகலாகத் தண்ணீரை இறைத்து அழுத்தத்தைக் குறைக்க வேண்டும். இந்த வேலை ஒரு நாளும் நிற்கக் கூடாது. நெய்வேலிச் சுரங்கத்தின் உயிர்நாடி கரி வெட்டும் ராட்சத சக்கர எந்திரமல்ல, இந்தப் பம்புகள்தான் என்பது என் கருத்து. ஆரம்பத்தில் இந்த நீரழுத்தம்தான் திட்டத்துக்கே பெரிய சவாலாக இருந்தது. அதைத் தீர்த்தது பொறியியலில் ஒரு சாதனை என்பதில் சந்தேகமில்லை.

சரி, அப்படி இறைக்கும்போது சுரங்கத்துக்கு அடியில் மட்டும் நீர்மட்டம் இறங்கி நின்றுவிடாது. நிலத்தடி நீருக்கு வேலி கிடையாது. இறைக்கும் இடத்தைச் சுற்றிலும் நீர்மட்டம் சரிந்து கீழே போகும், தூரம் போகப்போக அந்தச் சரிவு குறையும். எடுக்கப்படாத ஊர் அந்தச் சரிவின் மேல் உட்கார்ந்திருக்கிறது.

எண்பதைத் தாண்டிய ஓர் ஆயா தன் வீட்டுக் கொல்லையில் இருக்கும் கல்கட்டுக் கிணற்றைக் காட்டினார். “இதுல கவலை ஓட்டுவாங்க தம்பி. எங்க மாமனாரு காலத்துல. கோடையிலகூட குனிஞ்சா சொம்புல மொள்ளலாம்னு சொல்லுவாங்க, நான் வந்தப்பவே பத்து மொழக் கயிறு ஆயிடுச்சு.” மாடு பூட்டிக் கவலை இறைத்த அந்தக் கிணற்றுக்குள் இப்போது வேப்பங்கன்று முளைத்திருக்கிறது. ஊரில் தண்ணீர் உள்ள கிணறு ஒன்றுகூட இல்லை. எல்லாம் போர்வெல், அதுவும் ஆழம் கூடிக்கொண்டே போகிறது.

ஆனால் இதில் நியாயமாக ஒன்றைச் சொல்லியாக வேண்டும். கிணறு வற்றியதற்கு ஒரே காரணம் சுரங்கம் என்று ஊரில் பலர் சொல்கிறார்கள். நான் அப்படிச் சொல்ல மாட்டேன். 1990க்குப் பிறகு தமிழகத்தில் விவசாயத்துக்கு மின்சாரம் முழுக்க இலவசமானது, சுற்றிலும் மோட்டார்கள் பெருகின. 2011 டிசம்பர் 30 அன்று கரை கடந்த தானே புயல் இந்த மாவட்டத்தின் முந்திரியையும் பலாவையும் வேரோடு சாய்த்தது. தண்ணீரே கேட்காத அந்த மரங்கள் நின்ற இடத்தில் இந்த ஊரில் பலர் போர் போட்டு நெல்லும் கரும்பும் வைத்தார்கள். திரும்ப முந்திரி வைத்துக் காய்ப்பு வரும்வரை காத்திருக்க அவர்களிடம் வசதி இல்லை. ஆக, இந்த இறக்கத்தில் பல கைகள் உண்டு. யார் பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல இந்த ஊரின் கிணறுகளுக்கென்று நீண்டகால அளவுக் கணக்கு இருந்திருக்க வேண்டும். அப்படி ஒரு கணக்கை யாரும் எழுதி வைக்கவில்லை. ஊரை மிகவும் பலவீனமாக்குவது இதுதான். நஷ்டம் கண்ணெதிரே இருக்கிறது, அதைக் காட்ட ஒரு தாள் இல்லை.

ஒரே தண்ணீர், இரண்டு தெரு

இறைத்த தண்ணீர் எங்கே போகிறது? ஒரு பகுதி மின் நிலையங்களுக்கும் டவுன்ஷிப்புக்கும் போகிறது. மிச்சம் வாய்க்கால்கள் வழியாக வெளியே வந்து வாலாஜா ஏரி, பரவனாறு, பெருமாள் ஏரி என்று பாசனத்துக்குச் சேர்கிறது. கீழ்ப்பக்கத்து விவசாயிகள் பலருக்கு இது பெரிய உதவி. மேட்டூர் திறந்தாலும் திறக்காவிட்டாலும் வருகிற தண்ணீர். சுரங்கத்தை எதிர்ப்பவர்களிலேயே இந்த வாய்க்காலை நம்பிப் பயிர் செய்பவர்கள் இருக்கிறார்கள்.

இந்த ஊரில் அந்த வேறுபாடு தெருவுக்குத் தெரு தெரிகிறது. வாய்க்கால் ஊரின் கிழக்கோரமாகப் போகிறது. கீழத்தெருக்காரர்களின் நிலம் வாய்க்காலுக்குக் கீழே, தண்ணீர் தானாகப் பாயும். மேலத்தெருவின் நிலம் வாய்க்காலைவிட உயரம், மேட்டை ஒட்டியது. கீழே நடவு நடக்கும் அதே வாரத்தில் மேலே புஞ்சை வெடித்துக் கிடக்கும். ஒரே அடுக்கிலிருந்து எடுத்த தண்ணீர்தான். சரிவு யாருக்குச் சாதகமோ அவர்களுக்குக் கிடைத்தது. பங்கிடும் முடிவை யாரும் எடுக்கவில்லை, நிலத்தின் வாட்டமே முடிவு செய்துவிட்டது. ஊர்க் கூட்டங்களில் மேலத்தெருவும் கீழத்தெருவும் ஒரே குரலில் பேச முடியாமல் போனதற்கு இது முக்கியக் காரணம். வெளியிலிருந்து வருகிறவர்கள் இதைக் கவனிக்காமல், “ஊர் ஒற்றுமையா இல்ல” என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள்.

தண்ணீரின் தரம் வேறொரு கேள்வி. 2023 ஆகஸ்டில் பூவுலகின் நண்பர்கள் அமைப்பும் மந்தன் அத்யயன் கேந்திரா என்ற ஆய்வு மையமும் நெய்வேலியைச் சுற்றிய ஊர்களின் நீர், மண் மாதிரிகளைச் சோதித்து, மாசு இருப்பதாக அறிக்கை வெளியிட்டன. தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு அதைத் தானாக முன்வந்து விசாரணைக்கு எடுத்தது. அந்தச் செய்தி வந்த நாளிலிருந்து இந்த ஊரில் வசதி உள்ள வீடுகள் கேன் தண்ணீர் வாங்குகின்றன. வசதி இல்லாத வீடுகள் மேல்நிலைத் தொட்டித் தண்ணீரைக் காய்ச்சிக் குடிக்கின்றன. பாதரசம் மாதிரியான உலோகம் காய்ச்சினால் போகாது. அதை அவர்களிடம் யாரும் போய்ச் சொல்லவில்லை. நான் சொன்னபோது ஒரு பெண் என்னைப் பார்த்து, “அப்ப என்னதாண்ணே செய்யச் சொல்றீங்க?” என்று கேட்டார். பஞ்சாயத்து மூலமாக மாதிரி எடுத்து, குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்தில் பரிசோதிக்கச் சொல்லலாம் என்பதுதான் என்னால் சொல்ல முடிந்தது.

மேடு எப்படி வளர்ந்தது, என்ன செய்கிறது

ஒரு டன் கரி எடுக்க ஏறக்குறைய ஐந்தரை கன மீட்டர் மேல்மண்ணை நகர்த்த வேண்டும். முதல் சுரங்கத்தின் திறன் ஆண்டுக்கு 1 கோடியே 5 லட்சம் டன், இரண்டாம் சுரங்கத்தின் திறன் 1 கோடியே 50 லட்சம் டன். மண் எவ்வளவு என்று பெருக்கிப் பார்த்துக்கொள்ளலாம். ஒரு சுரங்கம் தொடங்கும்போது அந்த மண்ணைப் போட உள்ளே இடம் இருக்காது. குழி விரிந்து, கரி எடுத்த பகுதி காலியான பிறகுதான் மண்ணை உள்ளேயே நிரப்ப முடியும். அதுவரை வெட்டியதெல்லாம் பெல்ட்டில் ஓடி வெளியே வந்து குவியும். நாம் பார்க்கும் மேடு அந்தத் தொடக்க ஆண்டுகளின் மண்.

இதில் மண் தலைகீழாகிறது. தலைமுறை தலைமுறையாக எரு போட்ட மேல்மண் அடியில் போய், ஐம்பது மீட்டர் ஆழத்திலிருந்து வந்த களியும் மணலும் மேலே வரும். அதில் உயிர்ச்சத்து கிடையாது. மரம் வைத்து, தழை மட்கி, பல ஆண்டு கழித்துத்தான் அது மண்ணாகும். நிறுவனம் மேடுகளில் காடு வளர்த்திருக்கிறது, தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து பயிர் செய்தும் பார்த்திருக்கிறது. பல சரிவுகள் இன்று பச்சையாக இருப்பது உண்மை. மரம் நிற்கும் சரிவில் மண் அரிப்பும் குறைவாகவே இருக்கிறது.

மரம் பிடிக்காத பகுதிதான் அடிவாரத்துக்கு ஆபத்து. வடகிழக்குப் பருவமழையில் அங்கே விழும் நீர் நுண்ணிய களியைக் கரைத்துக்கொண்டு இறங்குகிறது. இதைத் தடுக்க மேட்டின் காலடியைச் சுற்றி ஒரு சுற்றுக்கால்வாயும், வண்டல் படியத் தொட்டியும் இருக்க வேண்டும். இங்கே கால்வாய் இருக்கிறது, ஆனால் வண்டல் ஏறி மேடாகிவிடுகிறது. மழைக்கு முன்னால் தூர் வாரினால் தாங்கும், வாராத ஆண்டில் உடைத்துக்கொண்டு மேலத்தெரு நிலத்தில் இறங்கும். காய்ந்த பிறகு அந்தக் களி கெட்டியாக இறுகிவிடுவதால் மல்லாட்டை விதை முளைத்து வெளியே வர முடிவதில்லை. உழுது புரட்டி, எரு போட்டு, ஒரு விதைப்புப் பருவம் விட்டுத்தான் மறுபடி விதைக்க முடியும்.

2015 நவம்பர் 9 அன்று நெய்வேலியில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. அன்று பெரியகாட்டுப்பாளையத்திலும் விசூரிலும் ஓடை உடைத்துப் புகுந்த வெள்ளம் மனிதர்களையே அடித்துக்கொண்டு போனது. நான் பார்த்த ஊரில் உயிர்ச்சேதம் இல்லை. ஆனால் இரவில் சிவப்புத் தண்ணீர் வீட்டுக்குள் வந்ததைப் பார்த்தவர்கள், இப்போதும் ஐப்பசி, கார்த்திகையில் பலத்த மழை என்றால் பிள்ளைகளைப் பள்ளிக்கூடக் கட்டடத்தில் படுக்க வைக்கிறார்கள்.

காத்திருப்பு

நிலத்தையும் நீரையும்விட எனக்கு மனசை அறுத்தது வேறு ஒன்று. “நம்ம ஊர எடுப்பாங்களா, மாட்டாங்களா?” இந்தக் கேள்வியோடு ஒரு முழுத் தலைமுறை வளர்ந்திருக்கிறது.

விரிவாக்கப் பேச்சு எழும்போதெல்லாம் வாழ்க்கை நின்றுவிடுகிறது. ஓட்டு வீட்டை இடித்து மாடி கட்டலாம் என்று நினைத்தவர் தள்ளிப் போடுகிறார். நிலத்தை வாங்க ஆள் வருவதில்லை. அவசரத்துக்கு விற்க நினைத்தால் அடிமாட்டு விலை. பெண் கேட்டுப் போனால், “அந்த ஊரு இருக்குமோ என்னமோ” என்று தயங்குகிறார்கள். எடுத்தால் கூடுதல் இழப்பீடு கிடைக்கும் என்று சிலர் கடன் வாங்கி மரக்கன்று நட்டார்கள், கொட்டகை போட்டார்கள். எல்லைக்கோடு வராமல் நின்றதும் கடன் மட்டும் மிச்சம். அவர்களைப் பேராசைக்காரர்கள் என்று சொல்வது எளிது. எதுவும் தெரிவிக்கப்படாத ஊரில், கையில் கிடைத்த வதந்தியை வைத்து ஒருவர் எடுக்கும் முடிவு வேறு எப்படி இருக்கும்?

2023 ஜூலையில் வளையமாதேவியில் பரவனாற்றின் மாற்றுக் கால்வாய்க்காக, நின்ற நெற்பயிர்மேல் நிறுவனத்தின் எந்திரங்கள் இறங்கியதை இந்த ஊர்க்காரர்கள் கைப்பேசியில் திரும்பத் திரும்பப் பார்த்தார்கள். அந்த நிலத்துக்கு முன்பே பணம் கொடுத்தாகிவிட்டது என்பது ஒரு பக்கம், கதிர் வந்த பயிரை அறுக்க விட்டிருக்கலாமே என்பது மறுபக்கம். இங்கே அது வேறொரு பாடமாகப் பதிந்தது. கையெழுத்துப் போட்டுப் பல வருடம் எதுவும் நடக்காத நிலத்திலும் ஒரு காலையில் எந்திரம் வரலாம் என்ற பயம்.

வேலையும் இந்தக் காத்திருப்போடு சேர்ந்ததுதான். பக்கத்து ஊர்களில் நிலம் கொடுத்த குடும்பங்களுக்கு ஒரு காலத்தில் நிரந்தர வேலையும், பிறகு ஒப்பந்த வேலையும், ஒப்பந்தத் தொழிலாளர்களின் கூட்டுறவுச் சொசைட்டியில் இடமும் கிடைத்தன. இந்த ஊர்ப் பையன்கள் விண்ணப்பத்தில் நிலம் கொடுத்த விவரம் கேட்கும் இடத்தில் போட எதுவும் இல்லாமல் நிற்கிறார்கள். ஐடிஐ முடித்துவிட்டு ஒரகடத்துக்கும் திருப்பூருக்கும் போகிறார்கள். பெண்கள் பண்ருட்டிப் பக்கம் முந்திரி உடைக்கப் போகிறார்கள். ஓட்டுப் பால் பட்டு விரல் தோல் உரிந்த கைகளை இந்த ஊரில் எந்த வீட்டுத் திண்ணையிலும் பார்க்கலாம். மேட்டின் உச்சியில் இரவெல்லாம் விளக்கு எரிகிறது. அந்த மின்சாரம் தென்மாநிலங்கள் முழுக்கப் போகிறது.

தாளில் போட்ட கோடுகள்

இந்த ஊர் எந்தெந்தக் கோட்டுக்கு வெளியே விழுகிறது என்று வரிசையாகப் பார்த்தேன்.

2013ஆம் ஆண்டின் நிலம் கையகப்படுத்தல் சட்டம் முந்தைய 1894ஆம் ஆண்டுச் சட்டத்தைவிட எவ்வளவோ மேல். நிலம் இல்லாத கூலித் தொழிலாளியையும் குத்தகைதாரரையும்கூட அது பாதிக்கப்பட்ட குடும்பமாக ஏற்கிறது. ஆனால் அவர்கள் கையகப்படுத்தப்படும் பகுதியில் மூன்று ஆண்டுகளாவது வேலை செய்து பிழைத்தவர்களாக இருக்க வேண்டும். அந்தப் பகுதிக்கு ஒரு வரப்பு தள்ளி இருப்பவரின் கிணறு வற்றினால் அவர் அதில் வர மாட்டார்.

2020இல் தமிழக அரசு காவிரி டெல்டாவுக்குப் பாதுகாக்கப்பட்ட சிறப்பு வேளாண் மண்டலச் சட்டம் கொண்டு வந்தது. கடலூர் மாவட்டத்தில் காட்டுமன்னார்கோயில், மேல்புவனகிரி, கீரப்பாளையம், பரங்கிப்பேட்டை, குமராட்சி ஆகிய ஐந்து ஒன்றியங்கள் அதில் உள்ளன. கம்மாபுரமும் குறிஞ்சிப்பாடியும் இல்லை. ஏற்கெனவே சுரங்கம் இருக்கும் இடம் என்பதால் விட்டிருக்கலாம். 2023 ஏப்ரலில் சேத்தியாத்தோப்பு கிழக்கு, மைக்கேல்பட்டி, வடசேரி நிலக்கரித் தொகுதிகளை ஏலப் பட்டியலிலிருந்து மத்திய அரசு நீக்கியபோது டெல்டா நிம்மதி அடைந்தது. ஏற்கெனவே தோண்டிய குழியின் விளிம்பில் இருப்பவர்களுக்கு அந்தச் செய்தியில் பங்கு இல்லை.

இந்த ஊரை உள்ளே வைக்கும் ஒரு கோடும் உண்டு. 2015இல் கனிமச் சட்டத்தைத் திருத்தி, சுரங்கம் உள்ள ஒவ்வொரு மாவட்டத்திலும் கனிம அறக்கட்டளை அமைக்கச் சொன்னார்கள். சுரங்க நிறுவனம் அரசுக்குக் கட்டும் ராயல்டிக்கு மேலே, பழைய குத்தகை என்றால் அதில் 30 சதவீதமும், 2015க்குப் பிறகு ஏலத்தில் வந்த குத்தகை என்றால் 10 சதவீதமும் அறக்கட்டளைக்குக் கொடுக்க வேண்டும். பணம் பாதிக்கப்பட்ட மக்களுக்கும் பகுதிகளுக்குமானது. நிலம் கொடுத்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை இதில் இல்லை. 2024இல் திருத்திய வழிகாட்டுதலின்படி சுரங்கத்திலிருந்து 15 கிலோமீட்டர் சுற்றளவு நேரடியாகப் பாதிக்கப்பட்ட பகுதி. பணத்தில் 70 சதவீதமாவது குடிநீர், சுற்றுச்சூழல், சுகாதாரம், கல்வி போன்ற முன்னுரிமை வேலைகளுக்குப் போக வேண்டும். அறக்கட்டளைக்குத் தலைமை மாவட்ட ஆட்சியர்.

இந்த ஊர் சுரங்க விளிம்பிலேயே இருக்கிறது. ஆனால் இப்படி ஒரு நிதி இருப்பதே ஊரில் கிட்டத்தட்ட யாருக்கும் தெரியாமல் இருந்தது. எத்தனையோ மனு எழுதியிருக்கிறார்கள், எல்லாம் வேலை கேட்டு, அல்லது ஊரையே எடுத்துக்கொள்ளச் சொல்லி. ஆமாம், எடுத்துக்கொள்ளச் சொல்லி. ஒரு ஊர் தன்னையே எடுத்துக்கொள்ளுங்கள் என்று மனு கொடுக்கும் நிலைக்கு வந்ததை நினைத்தால் எனக்கு இன்னும் ஆறவில்லை.

இப்போது நடப்பது

ஊரில் படித்த பிள்ளைகள் சிலரும் மகளிர் குழுவினரும் சேர்ந்து போன ஆண்டு வேறு வழியில் போனார்கள். வேலை கேட்கும் மனுவை ஒதுக்கி வைத்துவிட்டு, கிராம சபைக்குத் தீர்மானம் எழுதினார்கள். மார்ச் 22, உலகத் தண்ணீர் நாள், தமிழகத்தில் கிராம சபை கூடும் ஆறு நாட்களில் ஒன்று. மேலத்தெருவும் கீழத்தெருவும் ஒத்துப்போகக்கூடிய மூன்று விஷயங்களை மட்டும் எடுத்தார்கள். பருவமழைக்கு முன்பே, புரட்டாசி முடிவதற்குள், சுற்றுக்கால்வாயைத் தூர் வார வேண்டும். குடிநீரை உலோகங்களுக்கும் சேர்த்து ஆய்வு செய்து முடிவைப் பஞ்சாயத்துப் பலகையில் எழுத வேண்டும். ஊருக்குள் நீர்மட்டம் அளக்கும் கண்காணிப்புக் கிணறு ஒன்று வேண்டும். வாய்க்கால் தண்ணீரைப் பங்கிடும் பேச்சை வேண்டுமென்றே விட்டுவிட்டார்கள். அதை எடுத்திருந்தால் கூட்டம் அன்றே உடைந்திருக்கும். எனக்கு அது சரியான முடிவாகவே பட்டது.

மூன்றாவது கோரிக்கை எல்லாவற்றையும்விட முக்கியம் என்று நினைக்கிறேன். தூர் வாருவது அந்த ஆண்டோடு முடியும். நீர்மட்ட அளவு ஆண்டுக்கு ஆண்டு சேரும், அடுத்த விரிவாக்கத்துக்கான பொதுமக்கள் கருத்துக் கேட்பில் வாய்ச்சொல்லாக இல்லாமல் எண்ணாக மேசையில் வைக்கலாம். எடுக்கப்படாத ஊர் தன் இழப்பைக் காட்ட வேறு ஆவணம் கிடையாது.

கண்காணிப்புக் கிணறு வரும்வரை பிள்ளைகள் சும்மா இருக்கவில்லை. தண்ணீர் உள்ள பழைய போர்களில் இரண்டைத் தேர்ந்தெடுத்து, கயிற்றில் ஈயக்குண்டு கட்டி, ஒவ்வொரு அமாவாசையன்றும் ஆழத்தை அளந்து நோட்டில் எழுதுகிறார்கள். மோட்டார் ஓடி நின்ற உடனே அளந்தால் கணக்குத் தப்பும் என்பதால் விடியற்காலையில், யாரும் மோட்டார் போடும் முன்பு அளக்கிறார்கள். நாள், நேரம், அதற்கு முந்தைய வாரம் பெய்த மழை, அளந்தவர் கையெழுத்து, பார்த்தவர் கையெழுத்து. பார்த்தவர் கையெழுத்து வேண்டும் என்பது மகளிர் குழுத் தலைவியின் யோசனை. ஒரு மாதம் மேலத்தெரு ஆள் அளந்தால் கீழத்தெரு ஆள் பார்ப்பார், அடுத்த மாதம் மாறும்.

தீர்மானத்துக்கு இதுவரை வந்த பதிலில் கால்வாய் தூர் வாரும் வேலை ஏற்கப்பட்டிருக்கிறது. நீர் மாதிரி எடுத்துப் போயிருக்கிறார்கள், முடிவு இன்னும் பலகைக்கு வரவில்லை. கண்காணிப்புக் கிணறு பரிசீலனையில் இருப்பதாக எழுதியிருக்கிறார்கள். அடுத்த கிராம சபையில் அந்த நோட்டின் நகலைத் தீர்மானத்தோடு இணைப்பது என்று முடிவாகியிருக்கிறது.